சாம்பல் கூடுதல்

பன்னிரண்டு டன் தேங்காத்தொட்டிக் கரியை
வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான் ஒராசியோ,
சனிக்கிழமை காலை, காங்கேயத்தில்.
சாம்பல் கூடுதல். ஆறு புள்ளி எட்டு.
மூசையை நிறுத்தவள் நான்.
இரண்டு தடவை நிறுத்தேன்.
முதலாளி கதவைச் சாத்திய வேகத்தில்
பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு தானாக விழுந்தது.

அன்று சாயங்காலமே அதே ஒராசியோ
தாராபுரம் ரோட்டு வாடகை வீட்டில்
லுங்கியை மடித்துக் கட்டிப்
பன்றிக்குடலைத் தலையணை உறைபோலப் புரட்டிக்
கழுவிக்கொண்டிருந்தான்.
ஊதியூர்ப் பண்ணை வெண்பன்றி,
மூன்று பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு.
உப்பு, பூண்டு, மிளகு,
டாஸ்மாக் ஒயின் அரை டம்ளர்.
மிளகாய்? என்றேன். இல்லை.
மல்லி? இல்லை.
சோம்பு?
கொஞ்சம் யோசித்தான். இல்லை.
தண்ணி பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாக்கி
கட்டைவிரலால் தள்ளத் தள்ளக்
குடல் தன் பழைய வடிவத்தை ஞாபகப்படுத்திக்கொண்டது.
சாணுக்கு ஒரு முறுக்கு.
ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில், மூடாமல்.
தோல் உலரணுமாம்.

ஞாயிறு. பொடக்காளி.
இரண்டு ஹாலோபிளாக், நடுவே பழைய ஜன்னல் கம்பி.
எக்ஸ்போர்ட் மூட்டை பிரித்து நான்தான் கொட்டினேன்,
சாம்பல் இரண்டுக்கும் கீழே உள்ள முதல் தரம்.
எனக்கா நெருப்பைப் பற்றிச் சொல்வது?
தொள்ளாயிரம் டிகிரி உலையைத்
தினம் திறந்து மூடுகிறவள்.
நாலே நிமிடம்.
தோல் வெடித்தது, கொழுப்பு சொட்டியது,
சொட்டைப் பிடித்துக்கொண்டு நெருப்பு ஏறியது.
மூன்று போச்சு.
வெளியே கரி, உள்ளே பச்சை.
"உங்கள் கரி ரொம்ப நல்ல கரி" என்றான்,
வைவதுபோல.

அப்போதுதான் டிவிஎஸ்ஸில் வந்தார் நாச்சிமுத்து,
முன்னால் ஒரு மூட்டை.
"ஏம்மா ரங்கநாயகி, மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லும்மா.
அவனும் மனுசந்தானே."
நான் மொழிபெயர்க்கவில்லை.
ஒராசியோ மூட்டையைப் பார்த்தான்,
குழியைப் பார்த்தான்,
வாயைக் கிழித்துக் கொட்டினான்.

மெதுவாகப் பிடித்தது.
மேலே வெள்ளையாக ஒரு போர்வை,
கீழே சிவப்பு, கோபம் இல்லாத சிவப்பு.
கம்பிக்கு மேலே கையை நீட்டினான்.
அவன் மொழியில் அவன் எண்ண, என் மொழியில் நான்.
எட்டில் இருவரும் கையை எடுத்தோம்.
இப்போது வை என்றான்.

"என்னங்கம்மா இது?"
"சொரீசோங்க."
"சொறியா?"
முள்கரண்டியால் குத்தப் போன முதலாளியின் மணிக்கட்டைப்
பிடித்துக்கொண்டான் ஒராசியோ.
குத்தக் கூடாதுங்க, சாறெல்லாம் போயிருமாம்.
"எத்தனை நேரமாம்?"
நாற்பது நிமிசம்.
"அதுக்குள்ள ஒரு லோடு ஏத்திருவேன்."
ஆனால் உட்கார்ந்தார், கவிழ்த்த பக்கெட் மேல்.

திருப்பியது இரண்டே தடவை.
வெளிறல், பிறகு ஈரமண், பிறகு புதுச் செங்கல்.
இடையில் யாரும் பேசவில்லை;
கொழுப்பு மட்டும் சொட்டுக்குச் சொட்டு
சாம்பலிடம் ஏதோ கேட்டது.
சுவரோரத் தொட்டியிலிருந்து கற்பூரவல்லி கிள்ளி
பூண்டு, எண்ணெய், வினிகரோடு நசுக்கினேன்.
அவன் ஊரில் வேறு இலையாம்,
முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
பேக்கரியில் பன் மட்டும்தான் இருந்தது.
டூட்டி ஃப்ரூட்டியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்,
கல் பொறுக்குவதுபோல.

நீளவாக்கில் பிளந்து, வெட்டுமுகம் கீழே, ஒரு நிமிடம்.
பன்னுக்குள்.

நாச்சிமுத்து மூன்று தின்றார்.
முதலாவதைக் கோபமாக.
மூன்றாவதின்போது விரலைச் சூப்பிவிட்டுக் கேட்டார்:
"அப்ப நம்ம கரி நல்ல கரிதானுங்களே?"
இதை மொழிபெயர்த்தேன்.
ஒராசியோ நெருப்பைப் பார்த்துக்கொண்டே,
"இதற்கு" என்றான்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் மாறவில்லை.
ஆறு புள்ளி எட்டு.
லாரி அத்தனையையும் திருப்பி இறக்கியது.
ஒரு மூட்டை குறைந்தது;
கணக்கில் 'சாம்பிள்' என்று எழுதினேன்.
நாச்சிமுத்து பார்த்தார்.
அடித்துவிட்டு
'இரண்டு மூட்டை' என்று திருத்தினார்.